மினாரா மறைய வேண்டும்

நான் கீரனூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் குளத்தில் வருஷத்தில் நாலு மாதம் தண்ணீர் நின்றால் அதிகம். அந்த நாலு மாதத்திலும் மாடு நடந்தே அக்கரைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட என்னை ஐம்பதுகளின் நடுவில் கடற்கரைக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார்கள். கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். இன்றைக்கு அது புதுக்கோட்டை மாவட்டம், அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லாவின் வால். ஊரில் மினாரா என்கிற உயரமான கோபுரத்தோடு ஒரு பள்ளிவாசல், ஒரு ஜவுளிக்கடை, ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரே வாத்தியார்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒருவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை என்றால், அவருக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவேன். கோபமும் வரும். வாத்தியார் வேலைக்கு இந்தக் குணம் பெரிய இடைஞ்சல் இல்லை, ஆகவே அது என்னிடம் நன்றாகவே வளர்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு சயின்ஸ் பெட்டி வந்தது. அதில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தத் துண்டு, உள்ளங்கை அளவில் ஒரு காம்பஸ். பாடம் நடத்துவதற்கு முன்னால், கடலில் திசை பார்த்துப் போகிற ஒருவரிடம் இதைக் காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஊரில் வத்தை என்று சொல்லும் பாய்மரப் படகுகள் பெரியதாக இரண்டே இரண்டு. ஒன்று பழுதாகிக் கரையில் கிடந்தது. இன்னொன்றை நடத்திப் போகிறவரை எல்லோரும் தண்டல் என்பார்கள். படகை நடத்துகிறவருக்கு அங்கே அதுதான் பெயர், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வெயிலில் கறுத்து, கண் எப்போதும் பாதி மூடி, யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். காம்பஸைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

“இது எதைக் காட்டுதுங்க சார்?”

“வடக்கை.”

“எப்பவுமா?”

“எப்பவும். நீங்க எங்கிட்டுத் திருப்பினாலும் அது வடக்கைத்தான் காட்டும்.”

காம்பஸைத் திருப்பிக் கொடுத்தார். என் மனம் நோகக்கூடாதே என்கிற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. “நல்ல சாமானுங்க சார். ஆனா வடக்கே நமக்கு ஒரு சோலியும் இல்லையே. ஊரு மேக்கேல்ல இருக்கு” என்றார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். அப்படியானால் நீங்கள் எப்படித்தான் ஊர் வந்து சேருகிறீர்கள் என்று கேட்டேன்.

“காத்தை வச்சு வருவோம்.”

“காத்து மாறினா?”

“மாறுனதை வச்சு வருவோம்.”

“காத்தே இல்லேன்னா?”

“அப்ப கொஞ்சம் தூங்குவோம் சார்.”

பிறகு அவராகவே, வாத்தியார் கேட்கிறாரே என்று, விவரமாகச் சொல்ல முற்பட்டார். அதுதான் வினை. ஈயக்கட்டி ஒன்று வைத்திருக்கிறார்களாம். அதன் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்களாம். கடலின் அடியில் உள்ளது அதில் ஒட்டிக்கொண்டு வருமாம். அதை இவர் மோந்து பார்ப்பாராம்.

“மோந்து பார்த்து?”

“கறுப்புச் சேறா இருந்தா தெக்கே இருக்கோம். மணலா இருந்தா வடக்கே இருக்கோம். ஒண்ணுமே ஒட்டலேன்னா நாம எங்கயும் இல்லே.”

“எங்கயும் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?”

“அதுதானுங்க சார் நல்லது. எங்கயும் இல்லேன்னா எதுலயும் முட்டமாட்டோம்ல.”

எனக்குத் தலை சுற்றியது. அவரோ, இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும் என்பது போலப் பீடி பற்ற வைத்தார். கடைசியில், ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் எப்படி உள்ளே நுழைவது என்ற கதைக்கு வந்தோம். கரையிலிருந்து அரை மைல் தள்ளிக் கடலுக்குள் ஒரு நீளமான மணல் திட்டு உண்டு. சின்னப் படகுகளுக்கு அதனால் தொல்லை இல்லை, அவை மேலாகவே மிதந்து போய்விடும். பெரிய வத்தைக்கு ஆழம் வேண்டும். திட்டின் நடுவே ஒரே ஒரு இடத்தில், இரண்டு வண்டி அகலத்துக்கு, ஆழமான வழி இருக்கிறது. அதற்குள் சரியாக நுழைந்தால் வீடு. தப்பினால் வத்தை தரை தட்டும், அலை வந்து அடித்து உடைக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அப்படி உடைந்த வத்தையிலிருந்து நீந்தி வந்தவர்கள் குறைவு.

“அந்த வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? தண்ணியிலே ஏதாவது அடையாளம் தெரியுமா?”

“தண்ணியிலே என்ன சார் தெரியும்? வழி கரையிலேல்ல இருக்கு. நம்ம பள்ளிவாசல் மினாராவைப் பார்த்துக்கிட்டே வருவோம்.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இது மனிதன் பேசுகிற பேச்சு. “சரி, மினாரா நேரே தெரிஞ்சா வழி சரி. அதானே?”

“இல்லைங்க சார். மினாரா தெரிஞ்சா வழி தப்பு.”

“என்ன?”

“தெரியக்கூடாது. வடக்கே தெரிஞ்சா நாங்க தெக்கே போவோம். தெக்கே தெரிஞ்சா வடக்கே போவோம். எங்கிட்டும் தெரியாம மறைஞ்சிருச்சுன்னா, நேரா வுட்டு வந்துருவோம்.”

“தெரியாத மினாராவைப் பார்த்துக்கிட்டா வர்றீங்க?”

“ஆமாங்க. அதைத்தானே பார்க்கணும்” என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. கரும்பலகையில் நான்கு திசைகளையும் போட்டு, முள் எப்படி நிற்கும், படகின் தலை எப்படித் திரும்பும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். கைகட்டிக் கேட்டுவிட்டு, “ரொம்ப நல்லா இருக்குங்க சார்” என்று சொல்லிப் போய்விட்டார். இந்த மனிதர் உயிரோடு இருப்பது முழுக்க முழுக்க அதிர்ஷ்டத்தால் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. காலை நேரத்தில் அவர் வத்தை வருவதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். திட்டின் மேல் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைக்கும். நடுவே கறுத்த பாயோடு அந்த வத்தை, நம் வீட்டுக்குள் நாம் நடந்து வருவது போல, ஒரு தயக்கமும் இல்லாமல் வரும். அதிர்ஷ்டம் அப்படி வராது. அது தெரிந்தும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

இனி நான் செய்த காரியம்.

பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி ஒரு பெரிய புளியமரம். அதன் கிளைகள் ஓட்டுக்கூரையின் மேல் படர்ந்து கிடந்தன. காற்றடித்தால் ஓடு உடையும், மழை பெய்தால் வகுப்பு ஒழுகும். ஓடு மாற்றச் சொல்லி மேலே எழுதினால் ஆறு மாதத்துக்குப் பதில் வராது. மரத்தையே வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஜமாத்தில் பெரிய மனிதர் ஜவுளிக்கடை ராவுத்தர். அவரிடம் போய்க் கேட்டேன்.

ராவுத்தர் கனத்த சரீரம், தாராளமான மனசு. அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்னால் மினாராவுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். கடலில் போகிறவர்களின் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த வருஷச் சுண்ணாம்பு ராவுத்தர் செலவு. அந்தப் பெருமையில் இருந்தார்.

“தாராளமா வெட்டுங்க சார். அது போனா இன்னும் நல்லது. கடலுக்கும் மினாராவுக்கும் நடுவுலே அதுதானே மறைச்சுக்கிட்டு நிக்குது? இனிமே வத்தைக்காரங்களுக்கு எங்கேருந்து பார்த்தாலும் தெரியும்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஓட்டுக்கும் காவலாச்சு, ஊருக்கும் உபகாரமாச்சு. தண்டல் அந்த வாரம் தெற்கே தொழிலுக்குப் போயிருந்தார், இல்லாவிட்டால் அவரிடமும் கேட்டிருப்பேன். கேட்டிருந்தாலும் வெட்டச் சொல்லியிருப்பார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு நாளில் மரம் தரையில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குள் வெளிச்சம் கொட்டியது. மூன்றாம் நாள் வாடை பிடித்தது.

அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் கடற்கரைக்கு ஓடுகிற சத்தம் கேட்டது. தண்டலின் வத்தை வந்துவிட்டது. ஆனால் உள்ளே வரவில்லை.

திட்டுக்கு வெளியே அது வடக்கே போயிற்று, திரும்பித் தெற்கே போயிற்று, மறுபடி வடக்கே. ஒரு தடவை நுழையப் பார்த்து, அலை தூக்கியதும் பயந்து விலகியது. அந்த மனிதர் தயங்கி நான் பார்த்ததே இல்லை. காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே போய் வழிகாட்டலாம் என்றால் அந்த அலையில் சின்னப் படகு நிற்காது. கரையில் நின்ற ஆண்கள் எல்லோரும் கையை ஆட்டிக் கத்தினார்கள். அந்தக் காற்றில் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. வத்தையில் தண்டலையும் சேர்த்து ஐந்து பேர்.

“மினாராதான் இன்னைக்குப் பளிச்சுன்னு தெரியுதே, பின்னே ஏன் வரமாட்டேங்கிறான்?” என்று ராவுத்தர் கேட்டார்.

அப்போது தண்டலின் மனைவி வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தவள், கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஊரைப் பார்த்தாள். அத்தனை பேரில் அந்தப் பக்கம் திரும்பியது அவள் ஒருத்திதான்.

“அது தெரியுதே” என்றாள். “ஐயோ, மினாரா தெரியுதே!” பிறகு என்னைப் பார்த்தாள். “சார், மரம் எங்கே சார்?”

அப்போதுதான் நானும் திரும்பிப் பார்த்தேன். மறைய வேண்டும் என்றாரே, எதில் மறைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடலிலிருந்து பார்க்கும்போது மினாரா என் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற அந்த ஒரே கோடுதான் வழி. வழியைத்தான் நான் வெட்டிச் சாய்த்திருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. “மரம் நின்ன எடத்துலே எதையாச்சும் தூக்கி மறைங்க. எம்புள்ளைக அத்தாவுக்கு அது கண்ணுலே படக்கூடாது” என்றாள். சொல்லிக்கொண்டே பழுதாகிக் கிடந்த வத்தையிடம் ஓடி, அதன் பாயை இழுக்க ஆரம்பித்தாள். ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். இரண்டு நீள மூங்கிலில் அதைக் கட்டினோம். மரம் நின்ற இடத்தில் தரையிலிருந்து பிடித்தால் உயரம் போதாது. மிச்சம் இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடத்துக் கூரை.

நான் ஒரு மூங்கிலோடு மேலே ஏறினேன். மறு மூங்கிலை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று ராவுத்தர் ஏறினார். அவருக்கு வயதும் கனமும் எவ்வளவு என்று அந்தக் கூரைக்குத்தான் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் ஓடு நொறுங்கிற்று. எந்த ஓட்டைக் காப்பாற்ற மரத்தை வெட்டினேனோ அந்த ஓட்டில் பாதி ராவுத்தர் காலடியிலும், மீதி என் காலடியிலும் போயிற்று. உச்சியில் நின்று பாயை விரித்தோம். காற்று எங்கள் இரண்டு பேரையும் மேற்கே தூக்கி எறியப் பார்த்தது.

கீழே கடற்கரையில் அவள் நின்றாள். மரம் நின்ற அடிக்கட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, “இன்னும் இங்கிட்டு! சார், இன்னும் இங்கிட்டு!” என்று கையைக் காட்டினாள். நாங்கள் கூரை உச்சியிலேயே நகர்ந்தோம். சரியான இடம் வந்ததும் இரண்டு கையையும் உயர்த்தினாள்.

வத்தை வடக்கே போய்க்கொண்டிருந்தது. மெல்ல நின்றது. தலையைத் திருப்பியது. நேராக என்னைப் பார்த்து வரத் தொடங்கியது.

அப்போது ஒன்றைக் கண்டேன். காற்று மோதி நான் ஒரு அடி தெற்கே சரிந்தபோது, அரை மைலுக்கு அப்பால் அந்த வத்தையும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கியது. நான் சுதாரித்து நின்றதும் அதுவும் பழைய கோட்டுக்கு வந்தது. நான் அசைந்தால் அது அசைந்தது. ஐந்து உயிரைக் கயிறு கட்டி என் கையில் கொடுத்தது போல இருந்தது. “அசையாதீங்க சார், அசையாதீங்க” என்று ராவுத்தர் அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். மூங்கிலைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் அந்த வத்தை நுழைந்தது. தயக்கமே இல்லை. நம்பிவிட்டால் அந்த மனிதர் அப்படித்தான் வருவார். எதை நம்பினார்? காற்றில் படபடக்கிற ஒரு பழைய பாயை. வத்தை திட்டைத் தாண்டிய பிறகும் நாங்கள் இருவரும் இறங்கவில்லை. கரையில் கால் வைத்துவிட்டார்கள் என்று அவள் வந்து சொன்ன பிறகுதான் இறங்கினோம்.

அரை மணி கழித்துத் தண்டலே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உடைந்த ஓடுகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எழுந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“பயந்தே போயிட்டேன் சார்” என்றார், எப்போதும் போல மெதுவாக. “எங்கிட்டுப் போனாலும் மினாரா தெரியுது. ஒதுங்கி ஒதுங்கிப் போறேன், வுடாம தெரியுது. ஊரு மாறி வந்துட்டோமோன்னு பார்த்தேன். அப்பறம் திடீர்னு காணோம். அல்லா காப்பாத்திட்டான், வந்துட்டோம்டான்னு சொல்லிட்டேன்.”

“மரத்தை நான்தான் வெட்டினேன்” என்றேன்.

வெளியே எட்டிப் பார்த்தார். கீழே கிடந்த மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். “இவ்வளவு பெரிய மரமா சார் இது?” என்றார். “நானும் பத்துப் பதினஞ்சு வருஷமா வந்துக்கிட்டு இருக்கேன். இதை நான் பார்த்ததே இல்லை சார். மினாராவைத்தான் பார்த்திருக்கேன். நீங்க கேட்டிருந்தா வெட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.”

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை. அவர் சொன்ன விளக்கத்தில் ஒரு சொல்லும் பிசகில்லை. கேட்ட காதுதான் பிசகு. அவர் மனைவியோ ஒரு நாளும் வத்தையில் ஏறியவள் இல்லை. கரையிலிருந்தபடியே புருஷன் எங்கே கண் வைத்து வருவான் என்று அறிந்திருந்தாள். அந்தப் படிப்புக்கு எந்தக் கரும்பலகையும் காணாது.

மறுநாளே நான்கு சவுக்குக்கழி நட்டு, மரம் நின்ற இடத்தில் உயரமாகத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினோம். வருஷா வருஷம் ராவுத்தர் மினாராவுக்குச் சுண்ணாம்பு அடிப்பார், நான் அதை மறைக்கிற தட்டிக்குப் புதுக் கீற்று மாற்றுவேன். காம்பஸ் பெட்டியிலேயே கிடந்து வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்தத் தட்டிதான். என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, “இந்த ஊர்லே பள்ளிவாசலை மறைச்சு நீர் எதுக்கய்யா தட்டி கட்டியிருக்கீர்? கலகம் பண்ணவா?” என்று கேட்டார். என் பெயரும் நெற்றியில் விபூதியும் அவரைக் கலவரப்படுத்தியிருந்தன.

“ஊர்க்காரங்க வழி தெரிஞ்சு வர்றதுக்குத்தான் சார்” என்றேன்.

“எதைப் பார்த்து வருவாங்க?”

“மினாராவைத்தான் சார்.”

“அதைத்தானே மறைச்சிருக்கீர்!”

“ஆமாம் சார். தெரிஞ்சா வழி தப்பு.”

அவர் முகம் சிவந்தது. அந்தக் கோபம் எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது, ஒரு காலத்தில் அது என்னுடையது. விவரமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வடக்கே தெரிந்தால் தெற்கே என்று ஆரம்பித்து, இதைவிடத் தெளிவாகச் சொல்ல வழியே இல்லை என்று புரிந்து நிறுத்திவிட்டேன். வெளியே வாடை வீசிக்கொண்டிருந்தது. தண்டலின் மனைவி கடற்கரையில் வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, எங்கள் தட்டியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

“அப்ப அது எப்பத்தானய்யா அவங்க கண்ணுக்குத் தெரியும்?” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“வீடு வந்து சேர்ந்த பிறகு சார்” என்றேன்.